பவுண்டரி வாட்டர்ஸில் நான்கு இரவு: லேக் ஒன்னிலிருந்து இன்சுலா ஏரி வரை போய்த் திரும்ப முடியுமா?

புதுத்துடுப்பு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மின்னசோட்டாவின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டியுள்ள பவுண்டரி வாட்டர்ஸ் வனப்பகுதியில் ஜூன் முதல் வாரம் நான்கு இரவு தங்குவதற்கு அனுமதிச் சீட்டு எடுத்திருக்கிறோம். நுழைவிட எண் 30, அதாவது லேக் ஒன். நானும் கணவரும், 14 வயது மகனும், 11 வயது மகளும் இரண்டு கனூக்களில் (ஒடுங்கிய, இலேசான துடுப்புப் படகுகள்) போகிறோம். ஏரிகளில் பகல் பொழுதுக்குத் துடுப்புப் போட்ட பழக்கம் எங்கள் நால்வருக்கும் உண்டு. ஆனால் கனூவைத் தோளில் சுமந்து காட்டுப் பாதையில் நடந்ததோ, கார் போகாத இடத்தில் கூடாரம் அடித்ததோ இதுவரை இல்லை.

முதல் நாள் லேக் ஃபோர், இரண்டாம் நாள் ஹட்சன் ஏரி வழியாக இன்சுலா, மூன்றாம் நாள் அங்கேயே சுற்றிப் பார்ப்பது, கடைசி இரண்டு நாள்களில் வந்த வழியே திரும்புவது என்று திட்டமிட்டிருக்கிறோம். வரைபடத்தில் பார்க்கும்போது இது எளிதாகத்தான் தெரிகிறது. முதல் முறை போகிறவர்களுக்கு இது பொருந்துமா? உண்மையைச் சொன்னால், தூரத்தைவிடக் கரடிகளை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை.

ஏரிக்காற்று

வரைபடத்தில் எளிதாகத் தெரிவதற்குக் காரணம், சுமைப்பாதையை அதில் ஒரு சிறு கோடாக மட்டும் போட்டிருப்பதுதான். ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையில் கனூவையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு நடக்கும் அந்தப் பாதையை அங்கே போர்ட்டேஜ் என்பார்கள். அதன் நீளத்தை 'ராடு' என்ற பழைய அளவில் குறிப்பார்கள். ஒரு ராடு என்பது 16.5 அடி, ஏறத்தாழ ஒரு கனூவின் நீளம். 320 ராடு சேர்ந்தால் ஒரு மைல். ஹட்சனிலிருந்து இன்சுலாவுக்குப் போகும் பாதை ஏறத்தாழ 100 ராடு. மைலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்று தோன்றும். ஆனால் முதல் முறை போகும் குடும்பம் எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோகாது. முதலில் மூட்டைகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெறுங்கையுடன் திரும்பி வந்து, கனூவைத் தூக்கிக்கொண்டு மறுபடி நடப்பீர்கள். ஆக, 100 ராடு பாதைக்கு நீங்கள் நடப்பது 300 ராடு, கிட்டத்தட்ட ஒரு மைல். அதுவும் பாறையும் வேரும் சேறுமான தரையில், ஜூன் மாதக் கருப்பு ஈக்களும் கொசுக்களும் சூழ, அவற்றை விரட்டக் கை ஒழியாத நிலையில்.

என் கருத்தில் இன்சுலாவை இந்த முறை விட்டுவிடலாம். லேக் ஒன்னிலிருந்து லேக் டூவுக்கு இரண்டு சிறிய சுமைப்பாதைகள்தான். அதன் பிறகு லேக் த்ரீ, லேக் ஃபோர் வரை கனூவிலிருந்து இறங்கவே வேண்டியதில்லை. லேக் த்ரீயிலோ ஃபோரிலோ ஓர் இடத்தில் கூடாரத்தை அடித்துவிட்டு, நான்கு நாளும் அங்கிருந்தபடியே கனூவில் சுற்றி வாருங்கள். உங்கள் அனுமதிச் சீட்டு நுழையும் நாளையும் இடத்தையும் மட்டுமே கட்டுப்படுத்துகிறது. உள்ளே எந்த முகாமிடத்தையும் முன்பதிவு செய்ய முடியாது, முதலில் போய்ச் சேருபவருக்கே இடம். எனவே பிற்பகல் இரண்டு மணிக்குள் இடம் பிடித்துவிடுவது நல்லது. வனத்துறை அமைத்த இரும்பு அடுப்புச் சட்டமும், சற்றுத் தள்ளிக் காட்டுக்குள் ஒரு கழிப்பிடமும் இருக்கும் இடங்களில் மட்டுமே தங்கலாம்.

கரடியைவிடக் காற்றுக்குப் பயப்படுங்கள். லேக் த்ரீ திறந்தவெளி ஏரி. ஒரு முறை நாங்கள் காலை பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பி, பதினொன்றுக்கு நுரை தெறிக்கும் அலைகளில் சிக்கி, ஒரு சின்னத் தீவில் ஒதுங்கி மாலை நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தோம். உணவு மூட்டை எங்கே என்று கேட்காதீர்கள். அது இன்னொரு கனூவில், எதிர்க்கரையில் இருந்தது. ஜூனில் ஐந்தரைக்கு முன்பே விடிந்துவிடும். அப்போதே புறப்பட்டால் பெரும்பாலும் கண்ணாடி போன்ற நீரில் போகலாம்.

மூட்டைதூக்கி

கரடியைப் பற்றிய கவலையை அப்படி ஒதுக்கிவிடவும் வேண்டாம். அங்கே இருப்பவை கருங்கரடிகள். அவற்றுக்கு உங்கள்மீது அக்கறை இல்லை, உங்கள் உணவு மூட்டைமீதுதான் அக்கறை. கரடித் தொல்லை கூடியதால் வனத்துறை 2024-இல் ஓர் ஆணை பிறப்பித்தது: உணவையும் வாசனையுள்ள பொருள்களையும் கரடி திறக்க முடியாத கலத்தில் வைக்க வேண்டும், அல்லது தரையிலிருந்து 12 அடி உயரத்திலும் அடிமரத்திலிருந்து 6 அடி தள்ளியும் தொங்கவிட வேண்டும். நடப்பு ஆண்டின் விதியை, சீட்டைக் கையில் வாங்கும்போது அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மரத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று எண்ணி லேக் த்ரீ பக்கம் போகிறவர்கள் ஏமாறுவார்கள். 2011 ஆகஸ்டில் மின்னலால் பற்றிய பகாமி கிரீக் தீ, செப்டம்பரில் பலத்த காற்றுடன் சேர்ந்து ஏறத்தாழ 93,000 ஏக்கரை எரித்தது. அந்த ஏரிகளின் கரைகளில் பெரும்பகுதி அதற்குள் அடக்கம். இன்று அங்கே நிற்பவை பெரும்பாலும் இளம் ஜாக் பைன் மரங்கள். (தீயின் சூட்டில்தான் அந்த மரத்தின் மூடிய காய்கள் விரிந்து விதை கொட்டும், எரிந்த இடத்தில் முதலில் எழுவதும் அதனால்தான்.) மூட்டையின் எடையைத் தாங்கும் கிளை, வேண்டிய உயரத்தில் கிடைப்பது அரிது. எனவே கெட்டியான கலம் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். இரவில் அதைக் கூடாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, உருண்டு ஏரியில் விழாத இடமாகப் பார்த்து வையுங்கள். பற்பசையும் சூரியத் தடுப்புக் களிம்பும்கூட அதற்குள்தான் போக வேண்டும். பிள்ளைகளின் சட்டைப் பையில் மிட்டாய் இருக்கிறதா என்று தூங்கும் முன் பாருங்கள்.

டின்னில் அடைத்த உணவும் கண்ணாடிப் புட்டியும் அங்கே தடை. பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும் ஏரியிலிருந்து 150 அடியாவது தள்ளித்தான்.

கரையேறி

நான் சற்று மாறுபடுகிறேன். 14 வயதுப் பிள்ளை ஒரு சுமைப்பாதையில் தானாகவே கனூவைத் தூக்க முன்வருவதைப் பார்த்திருக்கிறேன். நான்கு நாளும் ஒரே இடம் என்றால் அவனுக்குச் சலித்துவிடும். லேக் ஃபோரில் தங்கிவிட்டு, ஒரு நாள் வெறும் மதிய உணவுடன் ஹட்சன் வரை போய்வந்தால், சுமைப்பாதையின் ருசியும் தெரியும், மூட்டையின் பாரமும் இருக்காது.

தூக்குவதைவிட இறங்குவதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். கெவ்லர் என்ற இலேசான செயற்கை இழையால் செய்த கனூவின் எடை நாற்பது பவுண்டுக்குச் சற்றுக் கூடுதல்தான். அலுமினியக் கனூ எழுபதைத் தொடும். ஆனால் கெவ்லரின் அடிப்பகுதி பாறையில் உராய்ந்தால் கிழியும். ஆகவே கரையில் முட்டும் முன்பே நிறுத்தி, முழங்காலளவு நீரில் கால் வைத்து இறங்கி, கனூ மிதந்துகொண்டிருக்கும்போதே மூட்டைகளை எடுத்துவிட வேண்டும். காலணி நனையத்தான் செய்யும். நனையாமல் இருக்க ஒரு காலைப் பாசி படிந்த கல்லிலும் மறு காலைக் கனூவிலும் வைப்பவர், இரண்டும் விலகும்போது முழுதாக நனைவார்.

ஜூன் தொடக்கத்தில் அந்த நீர் இன்னும் குளிர்ந்தே இருக்கும். திடீரென்று விழுந்தால் மூச்சுத் திணறி, கைகால் சீக்கிரம் மரத்துப்போகும். பத்து வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குத்தான் லைஃப் ஜாக்கெட்டை அணிவது சட்டப்படி கட்டாயம், மற்றவர்களுக்குக் கையெட்டும் இடத்தில் இருந்தால் போதும். அந்தச் சலுகையை நீங்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டாம். நால்வரும் அணிந்தே இருங்கள், கரையை ஒட்டியே போங்கள்.

புதுத்துடுப்பு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு வீட்டில் உட்கார்ந்து பேசி, இன்சுலாவைக் கைவிட்டுவிட்டோம். லேக் ஃபோரில் தங்கி ஹட்சனுக்கு ஒரு நாள் போய்வரும் யோசனையை மகன் உடனே ஏற்றுக்கொண்டான். கரடிக் கலமும் வாடகைக்குச் சொல்லியாயிற்று. உணவை இரு கனூவிலும் பிரித்து வைப்பது என்று முடிவு. ஒரே ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: தொலைபேசியிலேயே வரைபடம் இருக்கும்போது, காகித வரைபடம் உண்மையிலேயே தேவையா?

ஏரிக்காற்று

தேவை, அதுவும் முதல் அரை மணி நேரத்திலேயே. லேக் ஒன் முழுவதும் தீவுகளும் கிளை விரித்த குடாக்களும்தான். கனூவில் உட்கார்ந்து பார்த்தால் தீவு எது, கரை எது என்று பிரித்தறிய முடியாது. எனக்கு அந்த ஏரி பழக்கம் என்ற நினைப்பில் மூன்றாவது பயணத்தில் தவறான குடாவுக்குள் போய், ஒரு மணி நேரம் சுமைப்பாதையைத் தேடிவிட்டுத் திரும்பி வந்தேன். ஈரக் கையால் தொடுதிரையை இயக்குவதும் கடினம், அங்கே சிக்னலும் பெரும்பாலும் கிடைக்காது. வரைபடத்தை நீர்புகா உறையில் போட்டு, முன்னால் உட்காருபவரின் காலடியில் அவர் பார்க்கும்படி வையுங்கள். கடந்துபோகும் ஒவ்வொரு தீவையும் விரலால் தொட்டு எண்ணச் சொல்லுங்கள். உங்கள் மகளுக்கு ஏற்ற வேலை அது.