புதுப்பிப்பு: ஊட்டிக் கல்லூரியில் எழுத்துப் பயிற்சி மையம் – இரைச்சலுக்குக் கிடைத்த தீர்வு

எங்கள் மையத்துக்குக் கிடைத்த ஒற்றை அறையில், பயிற்றுநரும் மாணவருமாக நான்கு ஜோடிகள் உட்கார்ந்து மாணவர் எழுதியதைப் பற்றிப் பேசினால் யாருக்கும் எதுவும் கேட்பதில்லை என்று மே மாதம் கேட்டிருந்தேன். வழி சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது புத்தக அலமாரி யோசனைதான். சுவரோரம் நின்ற இரண்டையும் நடுவே இழுத்து, புத்தகங்களால் நிரப்பினோம். இரைச்சல் நன்றாகவே அடங்கியது. எதிரெதிர் நாற்காலிகளையும் மாற்றி, மேசை மூலையில் இருவரும் அருகருகே உட்காரும்படி செய்தோம். தாள் மாணவர் முன்னாலேயே இருப்பதால் பேனாவும் அவர் கையிலேயே இருக்கிறது. "திருத்திக் கொடுங்கள்" என்று நீட்டுவது குறைந்தது. எனக்கு இதுவே பெரிய லாபம்.

இரைச்சலைக் குறைக்க விரித்த தரைவிரிப்பு மட்டும் மலைக்கு ஒத்துவரவில்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் பூஞ்சை பிடித்து நாறியது. சுருட்டி வெளியே போட்டாயிற்று.

எதிர்பாராதது ஒன்று: மூடுபனி நாட்களில் எல்லோரும் ஹீட்டர் மூலைக்கே வந்துவிடுகிறார்கள். காத்திருப்போர் பெஞ்சை அங்கேயே போட்டுவிட்டேன்.