புதுப்பிப்பு: தினம் ஒரு நீர்வர்ண ஓவியம், மாரியில் தாள் பழுதாவது (தீர்ந்தது)

போன கார்த்திகையில் கேட்டிருந்தேன்: ஒரு வருடம் தினமும் ஓர் ஓவியம் என்று தொடங்கினேன், மட்டக்களப்பு மழைக்குத் தாள் நெளிந்து பூஞ்சணப் புள்ளி விழுகிறது, என்ன செய்யலாம்? பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்று 365ஆவது படம் முடிந்தது.

முதலில் 300 கிராம் (சதுர மீற்றருக்கு) தடித்த தாளுக்கு மாறினேன். நெளிவு நின்றது, பூஞ்சணம் நிற்கவில்லை. அதை நிறுத்தியது, தாள்களைப் பிஸ்கட் பேணிக்குள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கச் சொன்ன அக்காவின் யோசனைதான். நிறம் மாறும் மணிகளாக வாங்குங்கள். நிறம் மாறினால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். படம் நன்றாகக் காய்ந்த பிறகே பேணிக்குள் போக வேண்டும்.

எதிர்பாராத ஒன்று: முன்பே ஈரம் பட்ட தாள்கள் காய்ந்தும் சரிவரவில்லை. வர்ணம் ஒற்றுத்தாளில் போலத் திட்டுத் திட்டாக உள்ளே இறங்கியது. தாளின் பசைப்பூச்சு ஈரத்தில் கெட்டால் இப்படித்தான் ஆகுமாம். அவற்றைப் பென்சிலுக்கு வைத்துக்கொண்டேன்.

அப்புறம், என்ன வரைவதென்று தெரியாமல் நின்றபோது, ஒரு மாதம் ஒரே இடத்தை வரையச் சொன்னார் ஒரு தம்பி. தை முழுக்கக் கல்லடிப் பாலத்தை வரைந்தேன். வாவித் தண்ணீரின் நிறம் ஒருநாள் போல் மறுநாள் இல்லை. பச்சையும் சாம்பலும் கலக்க அங்கேதான் படித்தேன். அந்த 31 படங்களும்தான் எனக்கு மிகவும் பிடித்தவை.