கல்ச்சர், பிசிஆர் ரெண்டும் நெகட்டிவ்: மிச்சமிருக்கும் சிஎஸ்எஃப்பை சீக்வென்சிங்குக்கு அனுப்பலாமா?

வார்டு_ஏழு
4 வயசுக் குழந்தை, காய்ச்சல், வலிப்பு, நினைவு தெளியலை. முதுகில் ஊசி போட்டு சிஎஸ்எஃப் (மூளை, தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீர்) எடுக்கும் முன்பே செஃப்ட்ரையாக்சோன் ஆன்டிபயாடிக் ரெண்டு டோஸ் போயாச்சு. கல்ச்சரில் எதுவும் வளரலை, பல கிருமிகளை ஒரே தடவையில் தேடும் மல்டிப்ளெக்ஸ் பிசிஆரும் நெகட்டிவ். மிச்சம் 0.8 மி.லி. சிஎஸ்எஃப். மெட்டாஜீனோமிக் சீக்வென்சிங்குக்கு (சாம்பிளில் இருக்கும் எல்லா மரபுப்பொருளையும் படிச்சுக் கிருமியைத் தேடுறது) அனுப்பினா பலன் இருக்குமா? டிஎன்ஏ மட்டும் பார்த்தா போதுமா?

பிப்பெட்
போதாது. என்டெரோவைரஸ், பரேகோவைரஸ், ரேபிஸ் எல்லாமே ஆர்என்ஏ வைரஸ். நியூக்ளிக் அமிலத்தை ஒரே தடவை மொத்தமா பிரிச்செடுத்து, பாதியில் டிஎன்ஏ லைப்ரரி (சீக்வென்சருக்குத் தயார் பண்ணின துண்டுகள்), மறுபாதியில் டிஎன்ஏஸ் போட்டு டிஎன்ஏவை அழிச்சு, ஆர்என்ஏவை டிஎன்ஏவா மாத்தும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன்னு கேளுங்க. 0.6 மி.லி. அனுப்புங்க, 0.2 கையில் இருக்கட்டும், வரும் முடிவை பிசிஆரில் உறுதிப்படுத்த வேணும். மைனஸ் 80 டிகிரியில் வைங்க. உருக்கி உருக்கி உறைய வெச்சா முதல்ல போறது ஆர்என்ஏ.

காசநோய், பூஞ்சை சந்தேகம் இருந்தா அதையும் லேபில் சொல்லிடுங்க. அவற்றின் செல்சுவர் கெட்டி. சின்னச் சின்ன மணிகளை (பீட்ஸ்) போட்டுக் குலுக்கி உடைக்காவிட்டால் டிஎன்ஏ வெளியே வராது.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைங்க. சிஎஸ்எஃப்பில் வெள்ளணு ஏற ஏற மனித டிஎன்ஏதான் ரீட்களை (சீக்வென்சர் படிக்கும் துண்டுகளை) விழுங்கும். 2014-ல் வெளியான 14 வயசுச் சிறுவன் கேஸில் ஏறக்குறைய 30 லட்சம் ரீட்களில் 475 மட்டுமே லெப்டோஸ்பைரா பாக்டீரியா. அதை நம்பித்தான் பென்சிலின் கொடுத்தாங்க, பையன் தேறினான்.

கண்ட்ரோல்_எங்கே
ரிப்போர்ட்டில் கிருமிப் பேரைப் பார்க்குமுன் கண்ட்ரோலைப் பாருங்க. லேப் வேணும்னே சாம்பிளில் கலந்துவிட்ட ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்; எம்எஸ்2, டி1 மாதிரி) ரீட்களில் தெரியணும். தெரியலைன்னா அந்த "நெகட்டிவ்" செல்லாது.

அடுத்தது வெறும் தண்ணீர் ஓட்டிய கண்ட்ரோல். ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம் பாக்டீரியா பெரும்பாலும் ரீஏஜென்ட்டில் (லேப் ரசாயனத்தில்) இருந்து வர்றது. க்யூட்டிபாக்டீரியம் தோலில் இருந்து. பாக்டீரியான்னா பத்து லட்சம் ரீட்களுக்கு எத்தனைன்னு கணக்குப் போட்டு, தண்ணீரைவிடக் குறைஞ்சது 10 மடங்கு இருக்கான்னு பார்ப்பாங்க. வைரஸ்னா ஜீனோமில் ஒன்றின்மேல் ஒன்று படாத 3 இடங்களிலாவது ரீட் விழணும். 40 ரீட் இருந்தும் எல்லாம் ஒரே இடத்தில் குவிஞ்சிருந்தா எனக்குச் சந்தேகம்தான். அதே ரன்னில் வேறொரு சாம்பிளில் அந்தக் கிருமி கொட்டிக் கிடந்ததான்னும் கேளுங்க. இன்டெக்ஸ் (எந்த ரீட் எந்த சாம்பிள்னு காட்டும் அடையாளக் குறி) தாவி இங்கே வந்திருக்கலாம்.

இரவு_டியூட்டி
அனுப்புங்க, ஆனா அதுக்காக எதையும் நிறுத்தி வைக்காதீங்க. ஹெர்பிஸ் பிசிஆர் முதல் மூணு நாளில் பொய் நெகட்டிவ் தரலாம். அதுக்கான மருந்து அசைக்ளோவிர் ஓடட்டும், சந்தேகம் தீரலைன்னா 3 முதல் 7 நாளில் மறுபடி முதுகில் ஊசி போட்டு பிசிஆர். ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் குழந்தை வந்து சேர்றதுக்குள்ள வைரஸ் பெரும்பாலும் சிஎஸ்எஃப்பை விட்டுப் போயிருக்கும், அதுக்கு ஐஜிஎம் ஆன்டிபாடிதான் டெஸ்ட். என்எம்டிஏ ஆன்டிபாடி நோய் (உடம்பின் சொந்த ஆன்டிபாடியே மூளையைத் தாக்குறது, கிருமி இல்லை) எந்த சீக்வென்சருக்கும் தெரியாது. எந்த ஆன்டிபயாடிக் கேட்கும்னும் இந்த ரிப்போர்ட்டை வெச்சு முடிவு பண்ண முடியாது, நாலைஞ்சு ரீட்டில் ரெசிஸ்டன்ஸ் ஜீன் சிக்குறதே அபூர்வம்.

வார்டு_ஏழு
நன்றி. ரிப்போர்ட்டில் ஹெச்ஹெச்வி-6 (ஹெர்பிஸ் வகை வைரஸ்) மட்டும் வந்தா?

கண்ட்ரோல்_எங்கே
உடனே கான்சிக்ளோவிர் மருந்துக்குப் போகாதீங்க. சுமார் 100-ல் ஒருத்தருக்கு அந்த வைரஸ் குரோமோசோமிலேயே பரம்பரையா ஒட்டிக் கிடக்கும். சிஎஸ்எஃப்பில் வெள்ளணு இருந்தாலே பாசிட்டிவ் காட்டும். முழு ரத்தத்தில் வைரஸின் அளவைக் காட்டும் பிசிஆர் போடுங்க. மி.லி.க்கு 3 லட்சம் காப்பிக்கு மேல் போனா அநேகமா பரம்பரைச் சரக்குதான். முடியின் வேரிலும் கிடைச்சா சந்தேகமே இல்லை.