சர்ஃப் ஊரில் ஒரு நாள் முழுக்க, எனக்கோ நீச்சல் தெரியாது: எப்படிக் கழிக்கலாம்?

கயல்_ப:
எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி நாலு வருஷமா சர்ஃபிங் (போர்டுங்கற பலகை மேல நின்னு அலையில சறுக்கறது) போறான். இந்தத் தடவை "நீயும் வந்தே ஆகணும் அக்கா"ன்னு என்னைக் கேட்காமலே டிக்கெட் போட்டுட்டான். விடியற்காலையிலிருந்து இருட்டுற வரைக்கும் ஒரு சின்ன கடலோர ஊர்ல இருக்கப்போறோம். அவன் தண்ணியில, நான் கரையில.

ஆறு மாசமா ஆண்டுக் கணக்கு முடிக்கிற வேலை. சரியான தூக்கம் இல்ல. எனக்கு நிஜமாவே ஓய்வு வேணும். போன வருஷம் ஒரு கடற்கரைக்குப் போனப்போ பார்க்கவேண்டிய இடம்னு பதினாலு எழுதி வச்சுக்கிட்டு அலைஞ்சேன். போனதைவிடக் களைப்பாத் திரும்பி வந்தேன். மறுபடி அப்படி ஆகக்கூடாது.

எத்தனை மணிக்குக் கரைக்குப் போகலாம்? நடுப்பகல்ல என்ன செய்யறது? அப்புறம் முக்கியமா, தம்பி அவ்வளவு தூரம் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும்போது நான் பயப்படாம எப்படி இருக்கறது?

ஈரமணல்:
முழுக்கை பருத்திச் சட்டை, அகலத் தொப்பி, தண்ணி பாட்டில். சன்ஸ்கிரீன் வாங்கினா துத்தநாக ஆக்சைடு உள்ளதா பாருங்க. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட்ங்கற ரெண்டு ரசாயனமும் பவளப்பாறைக்குக் கெடுதல்னு சொல்லி ஹவாயில 2021-லிருந்து அது கலந்த சன்ஸ்கிரீனை விற்கவே தடை. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி நட்டிருந்தா அது போர்டுக்காரங்க இடம், அந்தப் பக்கம் காலை நனைக்கப் போகாதீங்க. சிவப்பு மஞ்சள் கொடி ரெண்டுக்கும் நடுவுலதான் குளிக்கிறவங்க நிக்கணும்.

உப்புக்காத்து:
கயல், உங்க கேள்வியைப் படிச்சுட்டு எழுதாம போக மனசு வரல. பதினோரு வருஷமா என் வீட்டுக்காரர் போர்டைத் தூக்கிட்டுப் போறார், நான் பாயைத் தூக்கிட்டுப் போறேன்.

முதல்ல நேரம். அந்த மாதிரி ஊர்ல நாளை நடத்துறது காத்துதான். ராத்திரி முழுக்கத் தரை குளிர்ந்து கிடக்கறதால விடியக்காலையில காத்து கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். வர்ற அலையோட முகத்துல அது எதிரே பட்டுத் தாங்கிப் பிடிக்கும். அலை அவசரமாச் சரியாம, நல்லா நிமிர்ந்து, வழவழன்னு வந்து ஓரத்துலேர்ந்து உடைஞ்சுக்கிட்டே போகும். இதுக்காகத்தான் எல்லாரும் இருட்டுலயே எழுந்து போறாங்க. நீங்களும் தம்பியோடவே போயிடுங்க. அந்த ரெண்டு மணி நேரத்தைத் தூங்கிக் கழிச்சீங்கன்னா அந்த நாள்ல நல்லதெல்லாம் போயிடும்.

பத்து, பதினொண்ணுக்கு மேல தரை சூடேறினதும் காத்து திரும்பிடும். கடல்லேர்ந்து கரைக்கு அடிக்க ஆரம்பிச்சா அலையெல்லாம் குலைஞ்சு நுரையாகிடும். ஒவ்வொருத்தரா வெளியே வந்துடுவாங்க. அப்புறம் ஊரே படுத்துக்கும். நீங்களும் படுத்துக்கோங்க. தயவுசெய்து அந்த நேரத்துல எதையும் சுத்திப் பார்க்கக் கிளம்பாதீங்க. போன வருஷம் உங்களைக் களைப்பாக்கினது அதுதான்னு எனக்குத் தோணுது. சாயங்காலம் காத்து அடங்கினா மறுபடி ஒரு மணி நேரம் கடல் எண்ணெய் ஊத்தினாப்பல ஆகும், அப்போ எழுந்து வந்தாப் போதும்.

அடுத்தது, காலையில உட்கார்ந்ததும் போனை உள்ளே வச்சுட்டு அலையை எண்ணுங்க. ஒரு அலை உடையற நேரத்துக்கும் அடுத்தது உடையற நேரத்துக்கும் நடுவுல எத்தனை விநாடின்னு பாருங்க. ஏழு எட்டுன்னா அது பக்கத்துக் காத்து எழுப்பின அலை. பதினாலு, பதினாறுன்னு நீண்டா, ரொம்ப தூரத்துல எங்கேயோ அடிச்ச புயலோட அலை உங்க காலடிக்கு வந்திருக்குன்னு அர்த்தம். 1963-ல வால்டர் மங்க்னு ஒரு கடல் ஆய்வாளர் நியூசிலாந்துலேர்ந்து அலாஸ்கா வரைக்கும் வரிசையா ஆறு இடத்துல கருவி வச்சு, தென்கோடிக் கடல்ல கிளம்பின அலைகள் பசிபிக் முழுக்கக் கடந்து வடக்கே போய்ச் சேர்றதைத் தொடர்ந்து பார்த்தார். பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேல. அதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு எனக்கு ஒரு அலைகூட வெறும் அலையாத் தெரியல.

அந்த நீண்ட அலைகள் கூட்டம் கூட்டமா வரும். நாலஞ்சு பெருசா வந்துட்டுக் கடல் அப்படியே அமைதியாகிடும். அஞ்சு நிமிஷமோ பத்து நிமிஷமோ ஒண்ணுமே இருக்காது. தண்ணியில இருக்கிற எல்லாரும் போர்டு மேல உட்கார்ந்து ஒரே திசையைப் பார்த்துக்கிட்டிருப்பாங்க. அந்த இடைவெளிதான் உங்களுக்கு ஓய்வு தரப்போறது. நம்ம வேலையில காத்திருக்கறதுன்னாலே எரிச்சல். அங்க எல்லாரும் சந்தோஷமாக் காத்திருக்கறதைப் பார்க்கும்போது நம்ம தோள்பட்டை தானா இறங்கும்.

பயத்தைப் பத்தி. ஆரம்பத்துல ஒரு தடவை நாற்பது நிமிஷம் என் வீட்டுக்காரர் கண்ணுக்குப் படல. கரையில ஓடி ஓடிக் கேட்டுக் குரலே போச்சு. அவர் சாவகாசமா அரை கிலோமீட்டர் தள்ளி வெளியே வந்து நடந்து வந்துக்கிட்டிருந்தார். அலை சாய்வா வந்தா கரையோரமா ஒரு நீரோட்டம் இருக்கும், எல்லாரையும் மெதுவா ஒரு பக்கமாத் தள்ளிக்கிட்டே போகும். அதனால தம்பி உள்ளே போறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பேசி வச்சுக்கோங்க: போர்டு என்ன நிறம், எத்தனை மணிக்கு வெளியே வருவான், எந்தப் பக்கம் தள்ளும். பெரும்பாலான நேரம் அவன் கையால துழாவிக்கிட்டோ உட்கார்ந்துக்கிட்டோதான் இருப்பான். எழுந்து நிக்கறது சில விநாடிதான்.

நுரைமேல்_நடை:
அக்கா சொன்னது எல்லாம் சரி. ஆனா அவ்வளவு தூரம் போய் ஒரு வகுப்புகூட எடுக்காம வரலாமா கயல்? புதுசாக் கத்துக்கறவங்களுக்கு எட்டு ஒன்பது அடி நீளத்துல மெத்துன்னு இருக்கிற நுரைப்பஞ்சு போர்டு தருவாங்க, மேலே விழுந்தாலும் பெருசா அடி படாது. இடுப்பளவு தண்ணி, உடைஞ்சு வர்ற நுரை அலை மட்டும்தான். பயிற்சியாளர் பக்கத்துலயே நிப்பார்.

உப்புக்காத்து:
தம்பி, இதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். நீச்சல் தெரியாதவங்களுக்கு இடுப்பளவு தண்ணியும் நம்பறதுக்கில்ல. ஒரு குழி, ஒரு அலை, ஆழம் மாறிடும். காலையும் போர்டையும் கட்டியிருக்கிற கயிறு அறுந்தா பிடிச்சுக்க ஒண்ணுமில்ல.

கயல், கரையிலிருந்தே ஒண்ணு காட்டறேன், பாருங்க. ரெண்டு பக்கமும் அலை உடைஞ்சுக்கிட்டிருக்கும். நடுவுல ஒரு பட்டை மட்டும் உடையாம, கொஞ்சம் கறுத்து, அமைதியாத் தெரியும். நுரை அதுல கடலைப் பார்த்துப் போய்க்கிட்டிருக்கும். புதுசா வர்றவங்க அதுதான் பத்திரமான இடம்னு இறங்குவாங்க. கரையில ஏறின தண்ணியெல்லாம் திரும்பிப் போற வழி அதுதான். இழுத்துக்கிட்டுப் போகும். நீச்சல்காரங்களே அதை எதிர்த்து நீந்தாம பக்கவாட்டுல நீந்தித்தான் தப்பிக்கணும். உங்க தம்பி அதே பட்டையில போர்டு மேல படுத்து, சிரமமில்லாம உள்ளே போவான். ஒரே தண்ணி, அவனுக்கு வாகனம், நமக்கு ஆபத்து. முதல்ல ஊர்ல நீச்சல் கத்துக்கோங்க, அப்புறம் போர்டு.

நுரைமேல்_நடை:
சரிதான் அக்கா, நீச்சல் தெரியாதுங்கறதை நான் சரியா யோசிக்கல. வகுப்பு யோசனையை வாபஸ் வாங்கிக்கறேன்.

கயல்_ப:
போயிட்டு வந்துட்டேன். எல்லாருக்கும் நன்றி, குறிப்பா உப்புக்காத்து அக்காவுக்கு.

அஞ்சரைக்கே கரையில இருந்தோம். காத்து முதுகுல பட்டுது, நீங்க சொன்ன திசையிலேயே. எனக்குப் பக்கத்துல எட்டு ஒன்பது வயசுப் பொண்ணு ஒருத்தி கால் வழுக்காம இருக்கப் போர்டுக்கு மெழுகு தேய்ச்சுக்கிட்டிருந்தா. சின்னச் சின்ன வட்டமாத் தேய்க்கத் தேய்க்க, வழுவழுன்னு இருந்த இடத்துல பொடிப்பொடியா மேடு எழும்பினது. அவ அவசரமே படல. தேய்ச்ச இடத்தை உள்ளங்கையால தடவிப் பார்த்துட்டு, பத்தலைன்னு தோணினா மறுபடி அதே இடத்துல தேய்ச்சா. நான் எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கிட்டிருந்தேன்னு தெரியல. அவ எழுந்து தண்ணிக்குப் போனப்போ வெயில் என் முழங்கால் வரைக்கும் வந்திருந்தது.

எண்ணினேன். பதிமூணு விநாடி. அஞ்சு அலை, அப்புறம் ஒன்பது நிமிஷம் ஒண்ணுமில்ல, மறுபடி அஞ்சு.

மத்தியானம் மூணு மணி நேரம் தூங்கினேன். கனவுகூட வரல.

சாயங்காலம் நுரை எந்தப் பக்கம் நகருதுன்னு பார்த்து, பாயை எடுத்துக்கிட்டு முந்நூறு அடி தள்ளிப் போய் உட்கார்ந்தேன். தம்பி சரியா அங்கதான் வந்து ஏறினான். "இங்க வருவேன்னு எப்படித் தெரியும்?"னு கேட்டுக்கிட்டே ஈரத்தோட பக்கத்துல உட்கார்ந்தான். கடல் அசைவில்லாம கிடந்தது. "இன்னும் ரெண்டு நிமிஷம் பொறு, அடுத்த கூட்டம் வரும், அதுல மூணாவதுதான் பெருசு"ன்னேன். அவன் துண்டைக் கீழே வச்சுட்டு என்னோட சேர்ந்து கடலைப் பார்க்க ஆரம்பிச்சான்.