கோடிங் வேலைக்கு இனி ஆள் தேவைப்படுமா?

கேள்வி: பத்து பேர் செஞ்சத ஏஐ டூல் வச்சு நாலு பேரே முடிச்சிடுறாங்க, அப்ப மீதி ஆறு பேர் கதி? படிச்சு முடிக்கப் போறேன், பயமா இருக்கு.

பதில் 1: பழைய பயம்தாங்க இது. 1957ல ஃபோர்ட்ரான் கம்பைலர், அதாவது மனுஷனுக்குப் புரியுற மாதிரி எழுதுறத மெஷின் கோடா மாத்திக் குடுக்குற ப்ரோக்ராம், வந்தப்போ மெஷின் கோட கையால எழுதுறது தான் குறைஞ்சுது, ப்ரோக்ராமர் எண்ணிக்கை ஏறிக்கிட்டே போச்சு, ஏன்னா செலவு குறைஞ்சா முன்னாடி கட்டுப்படியாகாதுன்னு விட்டதையெல்லாம் செஞ்சு கேப்பாங்க. 1865லயே ஜெவான்ஸ்ங்கிற இங்கிலாந்து பொருளாதார நிபுணர் நிலக்கரி பத்தி இதத்தான் சொன்னார், எஞ்சின் சிக்கனமாக ஆக கரி கூடத்தான் எரியும்னு.

பதில் 2: விவசாயத்துல விளைச்சல் ஏறுச்சு, ஆள் குறைஞ்சுட்டாங்களே? வயிறு ஒண்ணுதான். சாஃப்ட்வேர் பசிக்கும் எல்லை இருக்கும்ல.

பதில் 3: டைப் அடிக்கிறது வேலையில சின்ன பங்குதான். ஆனா புதுசா வர்றவங்களுக்குக் குடுக்குற சில்லறை வேலையத்தான் டூல் முதல்ல தின்னுது, அதனால அடுத்தவன் கோட படிச்சு பக் (கோட்ல இருக்குற தப்பு) பிடிக்கப் பழகிக்கோங்க.