11 வயசுப் பொண்ணுக்கு அடுத்து எந்த இலக்கணம்?

கொழிஞ்சாம்பாறை அம்மிணி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க இருக்கிறது பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்ல தமிழ், கடைவீதியில ரெண்டும் கலந்து, பஞ்சாயத்து ஆபீஸ்ல முழுக்க மலையாளம். பொண்ணு வீட்லயே படிக்கிறா. (ஏன் பள்ளிக்கூடம் அனுப்பலைன்னு இங்க ஆரம்பிச்சுடாதீங்க, அதுக்குத் தனித் திரியே ஓடிட்டு இருக்குது.) 14 வயசு முடிஞ்சதும் என்ஐஓஎஸ்ல (தேசியத் திறந்தநிலைப் பள்ளிங்க) பத்தாவது எழுத வைக்கிறதா இருக்கோம், தமிழையும் ஒரு பாடமா எடுத்து.

தமிழ்நாட்டு ஆறாம் வகுப்புப் புத்தகத்துல "கற்கண்டு"ன்னு வர்ற இலக்கணப் பகுதியை முழுசா முடிச்சாச்சு. முதலெழுத்து 30, சார்பெழுத்து 10, சுட்டு, வினா எல்லாம் கேட்டா கடகடன்னு சொல்றா. ஆனா டைரியைத் திறந்தா வேற கதை. "பெரியம்மா வந்து. சித்தப்பா வந்து. மாடு வந்து." மலையாளத்துல யாரு வந்தாலும் "வந்நு" ஒண்ணுதானே, இவளுக்கும் அது போதும்னு ஆயிடுச்சு. அப்புறம் "அம்மாவோடு சொன்னேன்". இதுவும் அங்கிருந்து வந்ததுதான். மலையாள எழுத்துல ந-வுக்கும் ன-வுக்கும் ஒரே எழுத்துங்கிறதால "மநசு", "வாநம்"னு எழுதறா.

எங்கிட்ட இருக்கிற வழிங்க: தமிழ்நாட்டு ஏழாம் வகுப்புப் புத்தகம், ஆறுமுக நாவலரோட இலக்கணச் சுருக்கம், இல்லைன்னா கேரளத் தமிழ்வழிப் பாடநூல். கேரளப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், எல்லாம் செயல்பாடா இருக்குது. நல்லதுதான், ஆனா விதி எங்கயும் பளிச்சுன்னு கண்ல படலை. வீட்ல ஒருத்தி உக்காந்து சொல்லிக்குடுக்க அது பத்தாது. மத்த ரெண்டுல எது?

வெண்பாப் பிரியன்:

எதற்கு நடுவில் இத்தனை படிக்கட்டு? நேரே நன்னூல். மொத்தமே 462 நூற்பா (சூத்திரம்). 11 வயதில் மனப்பாடம் ஆவது 30 வயதில் ஆகாது. பொருள் பிறகு தானாக விளங்கும்.

குப்பம் அம்மா:

அக்கா, நாங்க சித்தூர்தான், ஆனா ஆந்திரா சித்தூர் மாவட்டம், குப்பம். உங்க வீட்டுக் கதைதான் எங்க வீட்லயும், மொழி மட்டும் வேற. தெலுங்குல பொண்ணுக்கும் மாட்டுக்கும் ஒரே முடிவு, "வச்சிந்தி". அதனால எங்க பையன் "டீச்சர் வந்தது"ன்னு பரீட்சைத் தாள்லயே எழுதி வெச்சான்.

இலக்கணச் சுருக்கம் நாங்க எடுத்துப் பார்த்தோம். பழைய தமிழ் நூல்களை இணையத்துல போடற மதுரைத் திட்டத்துல இலவசமாவே கிடைக்குது. நாவலர் உரைநடையில எழுதினவர்தான், ஆனா அது 19ஆம் நூற்றாண்டு உரைநடை. பையன் அரைப் பக்கம் தாண்டலை. ஆனா தேர்வு வினாக்கள்னு கேள்விகள் போட்டிருக்காரு பாருங்க, அது அருமை. புத்தகத்தை நான் படிச்சுக்கிட்டு, கேள்வியை மட்டும் சமைக்கும்போது அவன்கிட்ட வாயாலயே கேட்பேன். பிள்ளை கையில குடுக்கிற புத்தகம் இல்லக்கா அது, நாம வெச்சுக்க வேண்டியது.

செங்கோட்டை வாத்தியார்:

அம்மா, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். செங்கோட்டை. 1956 வரை எங்கள் ஊரும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது, ஆகையால் உங்கள் பெண் எழுதும் தமிழ் எனக்குப் புதிதல்ல.

ஏழாம் வகுப்பை இப்போது எடுக்காதீர்கள். அதில் முதலில் வருவது குற்றியலுகரம் (சொல்லின் இறுதியில் குறுகி ஒலிக்கும் உகரம்), குற்றியலிகரம், பிறகு நால்வகைக் குறுக்கங்கள். இவை எழுத்திலக்கணம். உங்கள் பெண் தடுக்கி விழுவது சொல்லிலக்கணத்தில். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் வினைமுற்று, எச்சம், வேற்றுமை இருக்கின்றன. அதற்குத் தாவுங்கள். பாடநூல் வரிசை நாற்பது பிள்ளைகளை ஒன்றாக நடத்த வேண்டியவர்களுக்கு. உங்களுக்கு ஒரு பிள்ளை, அவள் டைரியே வரிசை சொல்லும்.

வினைமுற்றுக்கு ஒரு வழி. அவள் எழுதிய வரியையே எடுத்து, எழுவாயை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். நான் வந்தேன், நாங்கள் வந்தோம், நீ வந்தாய், நீங்கள் வந்தீர்கள், அவன் வந்தான், அவள் வந்தாள், அவர் வந்தார், அது வந்தது, அவை வந்தன. மாறும் துண்டை மட்டும் சிவப்பு மையில் எழுதட்டும். விகுதி என்ற பெயரே அதன் பிறகு சொன்னால் போதும். "வந்து" என்று நிறுத்தினால் அது எச்சம், பின்னால் இன்னொரு வினை வர வேண்டும். "வந்து... என்ன செய்தாள்?" என்று கேளுங்கள், அவளே திருத்துவாள்.

ந, ன குழப்பத்துக்கு: சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்னும் ந, மற்ற இடங்களில் பெரும்பாலும் ன. "அநியாயம்" போன்ற வடசொற்கள் விலக்கு. இப்போதைக்கு இது போதும்.

குற்றியலுகரத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. வல்லினம் மிகுதலோடு சேர்த்து நடத்துங்கள். "எடுத்துப் போனாள்" என்பதில் ப் வருகிறது, "வந்து போனாள்", "செய்து போனாள்" என்பவற்றில் வரவில்லை. முன்னது வன்தொடர் (கடைசி உகர எழுத்துக்கு முன் வல்லின மெய்), மற்றவை மென்தொடரும் (மெல்லின மெய்) இடைத்தொடரும் (இடையின மெய்). இந்த வேலை இல்லாமல் குற்றியலுகரத்தின் ஆறு வகையைத் தனியாக ஒப்பிக்க வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நன்னூல் சொன்ன தம்பிக்கு: மனப்பாடம் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் சார்பெழுத்து தொல்காப்பியத்தில் மூன்று, நன்னூலில் பத்து, விரித்தால் 369. "ஏன்?" என்று அந்தப் பிள்ளை கேட்டால் அம்மா என்ன செய்வார்?

வெண்பாப் பிரியன்:

ஐயா, அம்மாவும் சேர்ந்து படிக்க வேண்டியதுதான் 🙂 ஆனாலும் வாரம் ஒரு நூற்பா வைக்கலாம் என்பேன்.

கொழிஞ்சாம்பாறை அம்மிணி:

ரொம்ப நன்றிங்க ஐயா. எட்டாம் வகுப்பையே எடுத்துக்கறோம். நாவலர் புத்தகம் குப்பம் தங்கச்சி சொன்ன மாதிரி என் மேசைக்கு. நூற்பா வாரம் ஒண்ணுன்னா எனக்கும் சம்மதம், ஆனா அந்த வாரம் நடத்துற பாடத்துக்குப் பொருந்தினதா இருக்கோணும்.

சிவப்பு மை இன்னைக்கே ஆரம்பிச்சாச்சு. "தேன், தோம், தாய்"னு பாட்டா பாடிட்டுத் திரியறா. த் காலம் காட்டறது, விகுதியில சேராதுன்னு சொல்லணும், நாளைக்குப் பார்த்துக்கலாம். ஒரு சந்தேகமுங்க: "தோப்பில் மயில் உண்டு"ன்னு எழுதியிருக்கா. மலையாள வாடையா இருக்குதே, "இருக்கிறது"ன்னு மாத்தட்டுமா?

செங்கோட்டை வாத்தியார்:

கை வைக்காதீர்கள். வேறு, இல்லை, உண்டு மூன்றும் ஐம்பால் மூவிடத்துக்கும் பொது என்பது நன்னூல் விதி. நல்ல தமிழ்தான். தம்பி கேட்ட வாரம் ஒரு நூற்பாவை இதிலிருந்தே தொடங்கலாம்: "வேறில்லை யுண்டைம் பான்மூ விடத்தன". ஒரே அடி, பிள்ளைக்கு எளிது.

பாடநூல் முழுவதையும் அச்செடுக்க வேண்டாம். கற்கண்டுப் பக்கங்கள் மட்டும் போதும். வினைமுற்று முடிந்ததும் அவள் எழுதியதில் ஒரு பக்கம் இங்கே போடுங்கள், வேற்றுமையில் எங்கே தொடங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். "அம்மாவோடு சொன்னேன்" இருப்பதால் அநேகமாக மூன்றாம் வேற்றுமையிலிருந்துதான்.