வடக்கு வீட்டுக் குழு: பால்காய்ச்சு அரிசி

ராணி அத்தை: (யாரோ அனுப்பியதைப் பகிர்ந்தது) "அரிசியில் விஷம்! ஆர்சனிக், காட்மியம்! எல்லோருக்கும் பகிரவும்"

ராணி அத்தை: ஞாயிறு பால்காய்ச்சுக்கு அரிசி சொல்லியாச்சா? இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

மணி சித்தப்பா: பறக்கை வயல் கும்பப்பூ நெல், இரண்டாம் போகத்தது, இருக்கு. அம்பை 16 ரகம். குத்தித் தாறேன்.

செல்வம் மாமா: ஓடைப் பக்கத்து வயலா?

மணி சித்தப்பா: பாகம் வைத்தபோது எனக்கு வேறு எதைத் தந்தீர்கள்?

ராணி அத்தை: அது இப்போது வேண்டாம்.

அனிதா: அத்தை, அந்தச் செய்தியில் விஷயம் இருக்கிறது, ஆனால் பாதிதான். வயலில் தண்ணீர் கட்டியே கிடந்தால் மண்ணில் இரும்போடு ஒட்டியிருக்கும் ஆர்சனிக் பிரிந்து தண்ணீரில் கலக்கும். சிலிக்காவை இழுக்கும் வழியிலேயே நெல்வேர் அதையும் இழுத்துவிடும். மேற்கு வங்கம், வங்கதேசத்தில் நிலத்தடி நீரிலேயே ஆர்சனிக் இருப்பதால் அங்கே பெரிய தொல்லை. காட்மியம் வேறு. பட்டறைக் கழிவு, சாக்கடை, பாஸ்பேட் உரம் வழியாக வரும். வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் ஆர்சனிக் குறையும், காட்மியம் கூடும். ஜப்பானில் ஜின்சு ஆற்றோரம் காட்மியம் கலந்த சுரங்கக் கழிவு பாய்ந்த வயல் அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பே முறிந்தது. கழிவால் வந்த நோய் என்று 1968-ல்தான் அரசு ஒப்புக்கொண்டது.

மணி சித்தப்பா: முடிவு என்ன மக்ளே?

அனிதா: குக்கர் வேண்டாம். ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்கு நல்ல தண்ணீர் வைத்து வடித்தால் ஆர்சனிக் ஏறக்குறைய பாதி போகும். காட்மியம் அப்படிப் போகாது.

செல்வம் மாமா: நம் வீட்டில் எப்போதும் வடிப்புதானே.

பெரியம்மா: அப்போ கஞ்சித்தண்ணி?

அனிதா: கரைந்தது அதில்தான் இருக்கும் பெரியம்மா. அரிசியைச் சோதிக்கும்வரை குறைத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா: காலையில் உப்புப் போட்டு ஒரு தம்ளர் குடிக்காவிட்டால் எனக்குக் கண் தெரியாது.

கீதா: பாயசம் அடையா, பருப்பா?

ராணி அத்தை: அடை. சம்பந்தி வீட்டார் வருகிறார்கள்.

பெரியம்மா: போன தடவை அடை வேகவில்லை.

செல்வம் மாமா: ஓடையில் இப்போது சாக்கடை விழுகிறது. கடை அரிசி வாங்குவோம்.

மணி சித்தப்பா: கடை அரிசி எந்தத் தண்ணீரில் விளைந்தது, சொல்லுங்கள் பார்ப்போம்.

அனிதா: சித்தப்பா கேட்பது சரி. வயல் மண்ணும் அரிசியும் எடுத்து வையுங்கள். ஆர்சனிக், காட்மியம் மாதிரியான கன உலோகம் பார்க்க வேண்டும் என்று ஆய்வகத்தில் தனியாகக் கேட்டுக் கொடுக்க வேண்டும், சாதாரண மண் பரிசோதனையில் அது வராது.

செல்வம் மாமா: ஞாயிறுக்குள் கிடைக்குமா?

அனிதா: கிடைக்காது.

மணி சித்தப்பா: சரி, மண் எடுக்கிறேன். அரிசியும் குத்தி வைக்கிறேன்.

ராணி அத்தை: கடையிலும் சொல்லி வைக்கிறேன். எத்தனை கிலோ?

கீதா: வாழையிலை யார் சொல்வது?